ஹெர்2 மரபணு: மிகுதிக்கும் குறைவுக்கும் இடையே வரையப்பட்ட எல்லைகள்

ஆய்வுச்சுருக்கம்

மனித உயிரணுவின் புறப்பரப்பில் அமைந்துள்ள ஹெர்2 என்னும் புரதத்தை இ.ஆர்.பி.பி.2 என்னும் மரபணு உருவாக்குகிறது. மார்பகப் புற்றுகளுள் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காட்டில் இம்மரபணுவின் படிகள் பெருகி, புரதம் அளவிறந்து மிகுகிறது. இம்மரபணு கண்டறியப்பட்ட வரலாறு, புரதத்தின் அமைப்பு, அதனை இலக்காகக் கொண்ட மருந்துகள், ஆய்வகச் சோதனை முறை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. 'ஹெர்2 நேர்மறை', 'ஹெர்2 எதிர்மறை' என்னும் இருகூற்றுப் பகுப்பு ஒரு குறிப்பிட்ட மருந்தின் செயல்முறையை ஒட்டி வரையப்பட்ட எல்லை என்பதும், மருந்து மாறியபோது அவ்வெல்லையும் நகர்ந்தது என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: ஹெர்2, இ.ஆர்.பி.பி.2, மார்பகப் புற்றுநோய், மரபணுப் பெருக்கம், டிராஸ்டுசுமாப், ஹெர்2 குறைநிலை, கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

மார்பகப் புற்றுநோய் உறுதிசெய்யப்பட்ட ஒருவரின் நோயியல் அறிக்கையில் மூன்று வரிகள் சிகிச்சையின் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. முதல் இரண்டும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களுக்கான ஏற்பிகளைப் பற்றியவை. மூன்றாவது வரி ஹெர்2 பற்றியது. அவ்வரியில் 0, 1+, 2+, 3+ என்னும் நான்கு மதிப்பெண்களுள் ஒன்று இடம்பெறும். அதனருகே 'பாசிட்டிவ்' அல்லது 'நெகட்டிவ்' என்னும் சொல்லும் இருக்கும். நோயாளியும் அவர்தம் குடும்பத்தாரும் மதிப்பெண்ணைக் கவனிப்பதில்லை, சொல்லையே கவனிக்கின்றனர்.

நோய் பிற உறுப்புகளுக்குப் பரவிய நிலையில் உள்ள ஒருவர்க்கு 2015ஆம் ஆண்டில் 1+ என்னும் மதிப்பெண் வந்திருந்தால், ஹெர்2 புரதத்தை இலக்காகக் கொண்ட எந்த மருந்துக்கும் அவர் உரியவரல்லர் என்பதே அதன் பொருளாக இருந்தது. அதே மதிப்பெண் 2022ஆம் ஆண்டின் இறுதியில் வந்திருந்தால், முன்னரே வேதிமருந்துச் சிகிச்சை பெற்றவர்க்கு வாழ்நாளை நீட்டித்துத் தரவல்ல ஒரு மருந்து அங்கீகரிக்கப்பட்டிருந்தது. திசு மாறவில்லை, மரபணு மாறவில்லை, சோதனை முறையும் பெரிதும் மாறவில்லை. அவ்வாறாயின் மாறியது யாது என்பதை அறிய, இம்மரபணுவின் வரலாற்றையும் அதன் புரதத்தின் பணியையும் முதலில் காண வேண்டும்.

பல பெயர்கள், ஒரே மரபணு

இம்மரபணு நூல்களில் நியூ, ஹெர்2, இ.ஆர்.பி.பி.2 என மூன்று பெயர்களால் வழங்குகிறது. ஒவ்வொரு பெயரும் அதைக் கண்ட ஒரு வழியைச் சுட்டுகிறது.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வுக்குழு, எத்தில்நைட்ரசோயூரியா என்னும் வேதிப்பொருளால் எலிகளிடம் தோற்றுவிக்கப்பட்ட நரம்புத்திசுப் புற்றுகளிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, அதைச் சுண்டெலியின் இயல்பான உயிரணுக்களில் புகுத்தியது. அவ்வுயிரணுக்கள் புற்றுத்தன்மை அடைந்தன. அக்குழுவில் பணியாற்றிய இந்திய ஆய்வாளர் லட்சுமி சரண் பாதி, இவ்வாறு மாறிய உயிரணுக்களில் மட்டும் புதிதாகத் தோன்றும் ஒரு புரதத்தை 1982இல் அடையாளம் கண்டார். அதன் மூலக்கூற்று எடை ஏறத்தாழ 1,85,000. நரம்புத்திசுப் புற்றிலிருந்து கிடைத்ததால் மரபணு 'நியூ' எனப் பெயர்பெற்றது.

'இ.ஆர்.பி.பி.' என்பது பறவைகளில் இரத்தப் புற்றை உண்டாக்கும் ஒரு வைரசின் மரபணுப் பெயரிலிருந்து வந்தது. அவ்வைரசு மரபணுவை ஒத்த இரண்டாவது மரபணு மனிதரிடம் உண்டு என்பதைத் தோக்கியோ ஆய்வாளர்கள் 1985இல் கண்டனர். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களைச் சேர்ந்த ஒரு குழு அதே ஆண்டில் அதனை ஒரு மார்பகப் புற்றில் பெருகிய நிலையில் கண்டது. கலிபோர்னியாவின் ஜெனென்டெக் நிறுவனத்தில் ஆக்செல் உல்ரிச்சின் குழு, மனித மேற்றோல் வளர்ச்சிக்காரணியின் ஏற்பியைப் பெரிதும் ஒத்த ஒரு மரபணுவை அவ்வாண்டிலேயே பிரித்தெடுத்தது. அவ்வளர்ச்சிக்காரணி ஏற்பியின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளோடு 2 என்னும் எண் சேர்ந்து 'ஹெர்2' ஆயிற்று. எலியில் நியூ என்றும் மனிதரில் இ.ஆர்.பி.பி.2 என்றும் ஹெர்2 என்றும் வழங்குவன ஒரே மரபணுவின் பெயர்களே என்பது விரைவில் தெளிவாயிற்று. இன்று மரபணுவை இ.ஆர்.பி.பி.2 என்றும் புரதத்தை ஹெர்2 என்றும் குறிப்பது பெருவழக்கு. இக்கட்டுரையும் அவ்வழக்கைப் பின்பற்றுகிறது.

வைன்பெர்க்கின் குழு தன் கையிலிருந்த புரதத்தின் மருத்துவப் பயனைத் தேடிச் செல்லவில்லை என்பது அறிவியல் வரலாற்றாசிரியர்கள் சுட்டும் செய்தி. அக்குழுவுடன் இணைந்து பணியாற்றிய மார்க் கிரீனின் ஆய்வகம், இப்புரதத்துடன் பிணையும் எதிர்ப்பொருளைச் சேர்த்தால் புற்றுத்தன்மை அடைந்த உயிரணுக்கள் இயல்பு நிலையை நோக்கித் திரும்புகின்றன என்று 1985இலேயே காட்டியிருந்தது. எனினும் மருந்து வேறிடத்தில் பிறந்தது.

புரதத்தின் அமைப்பும் பணியும்

இ.ஆர்.பி.பி.2 மரபணு 17ஆம் குரோமோசோமின் நீண்ட புயத்தில் அமைந்துள்ளது. அது உருவாக்கும் புரதம் 1,255 அமினோ அமிலங்களால் ஆனது. அதன் ஏறத்தாழ சரிபாதி உயிரணுவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு சிறு பகுதி உயிரணுச் சவ்வை ஒருமுறை ஊடுருவிச் செல்கிறது. எஞ்சிய பகுதி உள்ளே உள்ளது. டைரோசின் கைனேஸ் என்னும் நொதிச் செயல் அங்குதான் நிகழ்கிறது. வெளியிலிருந்து வரும் வளர்ச்சிச் செய்தியை உள்ளே கடத்துவதற்கு ஏற்ற அமைப்பு இது.

ஹெர் குடும்பத்தில் நான்கு ஏற்பிகள் உள்ளன. அவற்றின் பொதுவான நடைமுறை பின்வருமாறு: ஏற்பி வழக்கமாக மடங்கிய நிலையில் இருக்கும், அதற்குரிய செய்தி மூலக்கூறு வந்து பிணைந்ததும் விரியும், விரிந்த ஏற்பி அருகிலுள்ள மற்றோர் ஏற்பியுடன் இணை சேரும், இணை சேர்ந்ததும் உள்ளிருக்கும் கைனேஸ் பகுதிகள் ஒன்றையொன்று தூண்டி, உயிரணு பிரிவதற்கும் அழியாது நிலைப்பதற்குமான சமிக்ஞைகளை எழுப்பும்.

ஹெர்2 இந்நடைமுறைக்கு விலக்கானது. அதற்கெனத் தனிச் செய்தி மூலக்கூறு எதுவும் கண்டறியப்படவில்லை. 2003இல் வெளியான படிகவியல் ஆய்வுகள், ஹெர்2 எப்பொழுதும் விரிந்த நிலையிலேயே, அதாவது இணை சேர ஆயத்தமாகவே இருப்பதைக் காட்டின. குடும்பத்தின் மற்ற ஏற்பிகள் அழைப்புக்குக் காத்திருக்க, இது யார் அழைக்கப்பட்டாலும் உடன்செல்லும் துணையாக உள்ளது. சிறப்பாக, ஹெர்3 ஏற்பியுடன் அது சேரும் இணை வலிமைமிக்கது. ஹெர்3க்குச் செய்தி மூலக்கூறு உண்டு. ஆனால் அதன் கைனேஸ் ஆற்றல் மிகக் குறைவு. ஹெர்2க்குக் கைனேஸ் ஆற்றல் உண்டு. ஆனால் செய்தி மூலக்கூறு இல்லை. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புவதால் விளையும் சமிக்ஞை வலுவாக அமைகிறது.

இவ்வமைப்பிலிருந்து ஒரு முடிவு பெறப்படுகிறது. எப்பொழுதும் ஆயத்தமாக உள்ள ஒரு புரதத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது அதன் எண்ணிக்கை மட்டுமே. இயல்பான மார்பக உயிரணுவின் பரப்பில் சில பத்தாயிரம் ஹெர்2 மூலக்கூறுகள் உள்ளன. பெருக்கம் நிகழ்ந்த புற்று உயிரணுவிலோ அவை இருபது லட்சம் வரை காணப்படலாம். அந்நெரிசலில், வெளியிலிருந்து செய்தி வராமலேயே ஹெர்2 மூலக்கூறுகள் தமக்குள் இணை சேர்கின்றன.

எழுத்து மாற்றமும் எண்ணிக்கைப் பெருக்கமும்

எலியின் நியூ மரபணுவில் புற்றுக்குக் காரணமானது ஒரே ஓர் எழுத்தின் மாற்றம் என்பதை 1986இல் கோர்னீலியா பார்க்மனும் மியென்-சீ ஹங்கும் வைன்பெர்க்கும் நிறுவினர். சவ்வை ஊடுருவும் பகுதியில் வேலின் இருக்க வேண்டிய இடத்தில் குளூட்டாமிக் அமிலம் அமைந்திருந்தது. மனிதப் புற்றிலும் இத்தகைய பிழையே இருக்கும் என எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் மனித மார்பகப் புற்றில் பெரும்பாலும் காணப்பட்டது வேறு. மரபணுவின் எழுத்துகள் மாறாமல் இருந்தன, படிகளே பெருகியிருந்தன. பிழையற்ற ஒரு வாக்கியம் பலமுறை திரும்பத் திரும்ப எழுதப்பட்டதை இதற்கு ஒப்புமையாகக் கூறலாம்.

லாஸ் ஏஞ்சலிஸில் டென்னிஸ் ஸ்லேமன் தம் சேமிப்பில் வைத்திருந்த புற்றுத் திசுக்களையும், உல்ரிச் பிரித்தெடுத்த மரபணுவையும் ஒன்றுசேர்த்து ஆராய்ந்ததன் விளைவு 1987இல் வெளியாயிற்று. 189 மார்பகப் புற்றுகள் ஆராயப்பட்டன. அவற்றுள் 30 விழுக்காட்டில் இம்மரபணு இரண்டு மடங்கு முதல் இருபது மடங்குக்கும் மேலாகப் பெருகியிருந்தது. படிகள் மிகுந்தவர்களிடம் நோய் விரைவில் திரும்பியது; அவர்தம் வாழ்நாளும் குறுகியிருந்தது. பின்னர் நிகழ்ந்த பெரிய ஆய்வுகளில் 30 என்னும் விழுக்காடு 15 முதல் 20 எனக் குறைந்தது. ஆனால் படிப்பெருக்கத்துக்கும் நோயின் கடுமைக்கும் உள்ள தொடர்பு நிலைபெற்றது.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிக் கூற வேண்டியுள்ளது. 'மரபணு' என்னும் தமிழ்ச்சொல் 'மரபு' என்பதைத் தன்னுள் கொண்டிருப்பதால், மரபணுவால் விளையும் நோய் அனைத்தும் தாய்வழியோ தந்தைவழியோ வருவது என்னும் எண்ணம் எளிதில் தோன்றிவிடுகிறது. இ.ஆர்.பி.பி.2 பெருக்கம் பெற்றோரிடமிருந்து வருவதன்று. பிறந்தபோது எல்லாரிடமும் உள்ளவாறே இரண்டு படிகளுடன் இருந்த ஓர் உயிரணுவில், வாழ்நாளின் இடையில் நேர்ந்த பெருக்கம் அது. புற்றுக் கட்டிக்குள் மட்டுமே அது காணப்படும், கருமுட்டையில் இராது, மகளுக்குச் செல்லாது. பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 ஆகிய மரபணுக்களில் பிறவியிலேயே காணப்படும் மாற்றங்களோ வேறு வகையின. அவை தலைமுறை தலைமுறையாக வரக்கூடியவை. இவ்விரு வகையையும் 'மரபணுக் கோளாறு' என்னும் ஒரே தொடரால் குறிப்பது, தேவையற்ற அச்சத்தை ஒரு குடும்பத்திலும் தேவையான எச்சரிக்கையின்மையை மற்றொரு குடும்பத்திலும் விளைவிக்கக்கூடும். 'பிறவி மாற்றம்', 'இடையில் நேர்ந்த மாற்றம்' எனப் பிரித்துரைப்பது நலம்.

'புற்றுமரபணு' என்னும் சொல்லும் இத்தகையதே. புற்றை உண்டாக்குவதற்கென்று உடலில் ஒரு மரபணு இருப்பதாக அது தோற்றமளிக்கிறது. இ.ஆர்.பி.பி.2 இல்லாத மனிதர் இல்லை. அது இன்றி உயிர் இல்லை என்பதை இதயம் காட்டிக்கொடுத்தது.

மருந்தும் இதயமும்

ஜெனென்டெக் ஆய்வாளர்கள் ஹெர்2இன் வெளிப்பகுதியோடு பிணையும் ஓர் எதிர்ப்பொருளைச் சுண்டெலியில் உருவாக்கினர். சுண்டெலிப் புரதத்தை மனித உடல் அயலானதாகக் கருதி எதிர்க்கும். ஆகவே பிணையும் முனைகளை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சிய பகுதியை மனித எதிர்ப்பொருளின் வடிவாக மாற்றியமைத்தனர். அதுவே டிராஸ்டுசுமாப், ஹெர்செப்டின் என்னும் வணிகப்பெயரில் அறியப்படுவது. 1998 செப்டம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதற்கு ஒப்புதல் அளித்தது.

ஒப்புதலுக்கு அடிப்படையான ஆய்வில், ஹெர்2 மிகுந்து, நோய் பரவிய நிலையில் இருந்த 469 பெண்கள் பங்கேற்றனர். வேதிமருந்துகளை மட்டும் பெற்றவர்களிடம் நோய் முற்றாமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு 4.6 மாதங்கள். டிராஸ்டுசுமாப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அது 7.4 மாதங்கள். வாழ்நாள் 20.3 மாதங்களிலிருந்து 25.1 மாதங்களாக உயர்ந்தது. 2005இல் வெளியான ஆய்வுகள், அறுவைக்குப் பின் தொடக்கநிலையிலேயே இம்மருந்தை அளித்தால் நோய் மீளும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைவதைக் காட்டின. மாதக்கணக்கில் பேசப்பட்ட பயன் நோயிலிருந்து மீள்வதாக மாறியது அப்பொழுதுதான். ஒரு காலத்தில் நோயின் கடுமைக்கு அடையாளமாக இருந்த 'ஹெர்2 நேர்மறை' என்னும் சொல், மருத்துவர்கள் ஓரளவு நம்பிக்கையோடு உச்சரிக்கும் சொல்லாயிற்று.

முதல் ஆய்வில் எதிர்பாராத ஒன்றும் வெளிப்பட்டது. ஆந்திரசைக்ளின் வகை மருந்துடன் டிராஸ்டுசுமாப் பெற்றவர்களுள் 27 விழுக்காட்டினரிடம் இதயச் செயற்குறை தோன்றியது. ஆந்திரசைக்ளின் சிகிச்சையை மட்டும் பெற்றவர்களிடம் இது 8 விழுக்காடே. புற்றின் மீது தொடுக்கப்பட்ட மருந்து இதயத்தை ஏன் தாக்க வேண்டும்? விடைக்கான குறிப்பு 1995இலேயே இருந்தது. இம்மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிக் கருக்கள், இதய அறையின் உட்சுவர்த் தசைமடிப்புகள் உருவாகாமல் கருவிலேயே இறந்தன. 2002இல் மற்றொரு சோதனையில், சுண்டெலியின் இதயத்தசையில் மட்டும் இம்மரபணு செயலிழக்கச் செய்யப்பட்டது. இதயம் விரிந்து தளர்ந்தது. ஆந்திரசைக்ளினால் அவ்வுயிரணுக்கள் மேலும் எளிதில் பாதிக்கப்பட்டன. வளர்ந்த இதயத்தசையின் பேணுதலுக்கும் ஹெர்2 தேவை என்பது இவற்றால் தெரிந்தது. இன்று ஆந்திரசைக்ளினையும் டிராஸ்டுசுமாப்பையும் ஒருசேர அளிப்பது பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. சிகிச்சைக் காலத்தில் எக்கோ சோதனையால் இதயச் செயல்திறன் கண்காணிக்கப்படுகிறது.

மருந்தின் விலை நெடுங்காலம் பெருந்தடையாக இருந்தது. இம்மருந்தை ஒத்த உயிரியல் மருந்துக்கு இந்தியாவில் 2013இன் இறுதியில் ஒப்புதல் கிடைத்தது. 2015இல் உலக நலவாழ்வு நிறுவனம் டிராஸ்டுசுமாப்பை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

எல்லை வரையப்பட்ட முறை

டிராஸ்டுசுமாப் யாருக்குப் பயன்படும் என்று அறிய ஒரு சோதனை தேவைப்பட்டது. இரண்டு முறைகள் வழக்கில் உள்ளன. முதலாவது, திசுவின் மெல்லிய சீவலில் ஹெர்2 புரதத்தை நிறமேற்றிக் காணும் முறை. புற்று உயிரணுக்களில் 10 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் சவ்வு முழுவதும் சுற்றிலும் அடர்ந்த நிறம் பெற்றால் 3+. நிறம் முழுச்சுற்றாக அமைந்து மிதமாகவோ மங்கலாகவோ இருந்தால் 2+. 10 விழுக்காட்டுக்கு மேற்பட்ட உயிரணுக்களில் அரிதாகவே புலப்படும் நிறம் அரைகுறைச் சுற்றாக அமைந்தால் 1+. அதனினும் குறைந்தால் 0. இரண்டாவது முறை, ஒளிரும் சாயங்களைக் கொண்டு மரபணுவின் படிகளையே எண்ணுவது. 17ஆம் குரோமோசோமின் மையப்பகுதி ஒரு நிறத்திலும் இ.ஆர்.பி.பி.2 மற்றொரு நிறத்திலும் ஒளிரும். இரண்டின் விகிதம் கணக்கிடப்படும். 2+ என வந்தவர்களுக்கு இவ்வெண்ணிக்கையே தீர்ப்பளிக்கிறது.

கேட்பதற்கு இது உறுதியான அளவீடாகத் தோன்றும். ஆனால் இவ்வெண்களின் வரலாறு வேறு செய்தி கூறுகிறது. 3+ எனக் கொள்வதற்கு முதலில் 10 விழுக்காட்டு உயிரணுக்கள் போதுமானவையாக இருந்தன. 2007இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கமும் அமெரிக்க நோயியலாளர் கல்லூரியும் வெளியிட்ட வழிகாட்டுதல் அதனை 30ஆக உயர்த்தியது. 2013இல் அது மீண்டும் 10ஆகக் குறைக்கப்பட்டது. மரபணு விகிதத்துக்கான எல்லை 2007இல் 2.2க்கு மேல் என்றிருந்தது, 2013இல் 2.0 ஆயிற்று. இரண்டு வழிகாட்டுதல்களுக்கும் இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் விகிதம் 2.1ஆக இருந்தவர் 'ஐயத்துக்குரியவர்'. 2013க்குப் பின் அவரே 'நேர்மறை'. எந்தக் கட்டியின் உயிரியலும் இதற்காக மாறவில்லை.

ஆய்வகத்தை அடையும் முன்னரே திசுவுக்கு நேர்வனவும் உண்டு. அறுவையில் அகற்றப்பட்ட கட்டி ஒரு மணிநேரத்துக்குள் ஃபார்மலினில் இடப்பட வேண்டும். அதில் 6 மணிநேரத்துக்குக் குறையாமலும் 72 மணிநேரத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். சிறு நகரத்து மருத்துவமனையில் அகற்றப்பட்ட கட்டி பேருந்திலோ கூரியரிலோ பெருநகர ஆய்வகத்துக்குச் செல்லும் நிலையில், அக்கட்டி எப்பொழுது அகற்றப்பட்டது, எப்பொழுது ஃபார்மலினில் இடப்பட்டது என்னும் இரண்டு நேரங்களும் குப்பியின் மேல் எழுதப்படாவிட்டால், நுண்ணோக்கியின் முன் அமரும் வல்லுநர்க்கு எதிர்மறை முடிவு நோயின் இயல்பா, காலத்தாழ்வின் விளைவா என்று அறிய வழியில்லை. மரபணு ஆராய்ச்சியின் நாற்பதாண்டுச் சாதனை ஒரு குப்பியின் மேல் ஒட்டிய தாளைச் சார்ந்திருப்பது வியப்புக்குரியது, ஆயினும் உண்மை.

எல்லை நகர்ந்த முறை

2005இல் வெளியான ஆய்வுகளுள் ஒன்று பி-31. அதில் பங்கேற்றவர்கள் ஹெர்2 நேர்மறை என்று அவரவர் ஊர் ஆய்வகங்களில் உறுதிசெய்யப்பட்டவர்கள். பின்னர் மைய ஆய்வகத்தில் மீளச் சோதித்தபோது, அவர்களுள் ஏறத்தாழ பத்தில் ஒருவர் உண்மையில் எதிர்மறை எனத் தெரிந்தது. ஆனால் அவர்களும் டிராஸ்டுசுமாப்பால் பயன்பெற்றதாகவே கணக்கு காட்டியது. 2008இல் வெளியான இச்செய்தி, எல்லை தவறான இடத்தில் உள்ளதோ என்னும் ஐயத்தை எழுப்பியது.

ஐயத்தைத் தீர்க்க பி-47 என்னும் ஆய்வு நிகழ்த்தப்பட்டது. மதிப்பெண் 1+ அல்லது 2+ ஆகவும் மரபணுப் பெருக்கம் இல்லாமலும் இருந்த 3,270 பெண்கள் அதில் பங்கேற்றனர். 2020இல் முடிவு வெளியாயிற்று. ஐந்தாண்டு முடிவில் நோய் மீளாது வாழ்ந்தவர்கள் டிராஸ்டுசுமாப் பெற்ற குழுவில் 89.8 விழுக்காடு, பெறாத குழுவில் 89.2 விழுக்காடு. வேறுபாடு இல்லை. எல்லை சரியான இடத்திலேயே உள்ளது எனப் பலரும் கருதினர். டிராஸ்டுசுமாப்பைப் பொறுத்தவரை அக்கருத்து சரியே.

அவ்வெல்லையை நகர்த்தியது டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் என்னும் மருந்து. ஜப்பானின் தாய்ச்சி சான்கியோ நிறுவனம் உருவாக்கிய இம்மருந்தில், பழைய எதிர்ப்பொருளே ஊர்தியாகப் பயன்படுகிறது. ஒவ்வோர் எதிர்ப்பொருளோடும் ஏறத்தாழ எட்டு நச்சு மூலக்கூறுகள் பிணைக்கப்பட்டுள்ளன. ஹெர்2இல் பிணைந்ததும் மருந்து உயிரணுவுக்குள் ஈர்க்கப்படுகிறது. உள்ளே பிணைப்பு அறுந்து நஞ்சு விடுபடுகிறது. அந்நஞ்சு சவ்வைக் கடந்து, ஹெர்2 இல்லாத அண்டை உயிரணுக்களையும் தாக்கவல்லது.

இங்குதான் முன்னுரையில் எழுப்பிய வினாவுக்கான விடை உள்ளது. டிராஸ்டுசுமாப் சமிக்ஞையைத் தடுப்பதன் வாயிலாகவும் உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதன் வாயிலாகவும் செயற்படுவது. அதற்குப் புற்று உயிரணு ஹெர்2ஐச் சார்ந்து வாழ்ந்தாக வேண்டும். புதிய மருந்துக்கு அச்சார்பு தேவையில்லை. ஹெர்2 அங்கு இருந்தாலே போதும். முன்னதற்கு ஹெர்2 நோயின் உந்துவிசை. பின்னதற்கு ஹெர்2 ஒரு முகவரி. முகவரி தெளிவாக இருக்கப் பல லட்சம் மூலக்கூறுகள் வேண்டுவதில்லை.

2022இல் வெளியான டெஸ்டினி-பிரெஸ்ட்04 என்னும் ஆய்வு இதனை மெய்ப்பித்தது. நோய் பரவிய நிலையில், 1+ அல்லது பெருக்கமற்ற 2+ மதிப்பெண் கொண்ட 557 பேர் பங்கேற்றனர். மருத்துவர் தேர்ந்த வேதிமருந்தைப் பெற்றவர்களிடம் நோய் முற்றாத காலம் 5.1 மாதங்கள், புதிய மருந்து பெற்றவர்களிடம் 9.9 மாதங்கள். வாழ்நாள் 16.8 மாதங்களிலிருந்து 23.4 மாதங்களாக உயர்ந்தது. மருந்துக்குரிய தீங்கும் உண்டு. நுரையீரல் அழற்சி ஏறத்தாழ 12 விழுக்காட்டினரிடம் தோன்றியது. சிலர் அதனால் உயிரிழந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் 'ஹெர்2 குறைநிலை' என்னும் புதிய பெயருடன் ஒப்புதல் வழங்கப்பட்டது. பரவிய மார்பகப் புற்றில் அதுவரை எதிர்மறை எனப்பட்டவர்களுள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் இப்பெயருக்குள் வருவர். 2025 ஜனவரியில் எல்லை மேலும் கீழிறங்கியது. ஹார்மோன் ஏற்பி உள்ள புற்றுகளில், 10 விழுக்காட்டுக்கு மிகாத உயிரணுக்களில் அரிதாகத் தோன்றும் மங்கிய நிறமும் கணக்கில் கொள்ளப்பட்டு, 'மீக்குறைநிலை' என ஏற்கப்பட்டது.

ஹெர்2 குறைநிலை என்பது உயிரியல் அடிப்படையில் தனியொரு நோய்வகை என்று கொள்வதற்குப் போதிய சான்று இல்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. அது மருந்தின் எட்டும் தொலைவைக் குறிக்கும் பெயர். கட்டியின் இயல்பைக் குறிக்கும் பெயரன்று. பி-47இல் எப்பயனும் பெறாதவர்களும் டெஸ்டினி-பிரெஸ்ட்04இல் பயன்பெற்றவர்களும் ஒரே மதிப்பெண்களை உடையவர்கள் என்பதை நோக்கினால் இது விளங்கும்.

'எதிர்மறை' என்னும் சொல்லும் பூச்சியமும்

சோதனை முறை இருபது லட்சம் மூலக்கூறுகளைச் சில பத்தாயிரங்களிலிருந்து பிரித்தறிவதற்காக உருவாக்கப்பட்டது. அதனிடம் இப்பொழுது கேட்கப்படும் வினா வேறு: சிறிதளவையும் இன்மையையும் பிரித்தறிய இயலுமா? 2022இல் வெளியான ஓர் ஆய்வில் 18 நோயியல் வல்லுநர்கள் ஒரே திசுச் சீவல்களை மதிப்பிட்டனர். 2+, 3+ ஆகியவற்றைப் பிரிப்பதில் அவர்களிடையே காணப்பட்ட ஒத்த கருத்து 58 விழுக்காடு. 0, 1+ ஆகியவற்றைப் பிரிப்பதில் அது 26 விழுக்காடே. வல்லுநர்களின் திறமைக் குறைவாக இதனைக் கொள்ள முடியாது. சில ஆண்டுகளுக்கு முன்வரை 0, 1+ இரண்டும் ஒரே சிகிச்சைக்கு இட்டுச்சென்றமையால், அவற்றைப் பிரித்தறிய யாருக்கும் தேவை ஏற்பட்டதில்லை. 2023இல் புதுப்பிக்கப்பட்ட அமெரிக்க வழிகாட்டுதல் நான்கு மதிப்பெண்களையும் மாற்றவில்லை. ஆயின் 0க்கும் 1+க்கும் இடைப்பட்ட சீவல்களை உயர் உருப்பெருக்கத்தில் காணவும், எல்லையை ஒட்டியவற்றில் மற்றொரு வல்லுநரின் கருத்தைப் பெறவும் பரிந்துரைத்தது.

தமிழில் இச்செய்தியை எழுதுவோர்க்கும் மொழிபெயர்ப்போர்க்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. 'எதிர்மறை' என்பது தமிழ் இலக்கண மரபில் இல்லை என மறுப்பதைக் குறிக்கும் சொல். 'ஹெர்2 எதிர்மறை' என்று படிக்கும் ஒருவர், அப்புரதம் தம் கட்டியில் இல்லை என்றே பொருள்கொள்வார். அச்சொல்லின் உண்மையான பொருள் 'டிராஸ்டுசுமாப் பயன்படும் அளவுக்கு இல்லை' என்பதே. 'நேர்மறை' என்பதோ பொதுவழக்கில் நன்மையைச் சுட்டுவதாகிவிட்டது. நோயறிக்கையில் அது வரும்பொழுது குழப்பம் மிகுகிறது. 'மிகைநிலை', 'குறைநிலை', 'மீக்குறைநிலை', 'இன்மை' என அளவை ஒட்டிய சொற்களைக் கையாண்டால் புரதத்தின் இயல்புக்கும் அவை பொருந்தும்; நாளை எல்லை மீண்டும் நகர்ந்தாலும் சொல் பொய்க்காது. எவ்வாறாயினும், சொல்லோடு மதிப்பெண்ணையும் எழுதுவது இன்றியமையாதது.

பழைய அறிக்கைகளில் 'நெகட்டிவ்' என்னும் சொல் மட்டும் இருந்து மதிப்பெண் இல்லாதவிடத்து, சேமிப்பில் உள்ள மெழுகுக் கட்டியை மீளச் சோதிப்பதே வழி. அக்கட்டி சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் நோயியல் துறையில் இருக்கலாம். நோயாளியிடமே திருப்பித் தரப்பட்டும் இருக்கலாம். வீட்டில் ஒரு கோப்போடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கும் அச்சிறு மெழுகுத் துண்டை, சிகிச்சை முடிந்துவிட்டது என்று கருதி எறிந்துவிடலாகாது என்பதை நோயாளியின் குடும்பத்தாரிடம் மருத்துவர் கூறிவைக்க வேண்டும்.